44 குட்டித் திருடர்கள்

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் சட்டைப்பையிலிருந்து நான் காசு எடுத்திருக்கிறேன். பிடிபட்ட அன்று அப்பத்தா என்னைத் திட்டவில்லை. அம்மாவைப் பார்த்து, "நீ புள்ள வளர்த்த லட்சணம்" என்றார். ஜான் பௌல்பியைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது.

பௌல்பி லண்டனில் குழந்தைகளுக்கான ஒரு மனநல மையத்தில் வேலை பார்த்தவர். 1936க்கும் 1939க்கும் இடையில் அங்கே வந்த பிள்ளைகளில் திருட்டுப் பழக்கம் இருந்த 44 பேரை எடுத்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க, திருடாத இன்னொரு 44 பேர். ஏன் திருடினாய் என்பதைவிட, அதற்கு முன்னால் இந்த வீட்டில் என்ன நடந்தது என்பதே அவருடைய கேள்வி. திருடியவர்களில் 14 பேர் யார்மீதும் ஒட்டுதல் இல்லாதவர்கள். கொஞ்சினாலும் அடித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அந்தப் பதினாலில் 12 பேர் சிறுவயதிலேயே தாயைவிட்டு நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். மற்ற 30 திருடர்களில் அப்படிப் பிரிந்தவர்கள் 5 பேர். திருடாத 44 பேரில் இரண்டே பேர்.

பிரிவு என்றால் தாய் ஓடிப்போனாள் என்று அர்த்தமில்லை. பல பிள்ளைகள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள். அப்போது பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோரை வாரத்துக்கு ஓரிரு முறைதான் உள்ளே விடுவார்கள். பௌல்பிக்கும் இது தெரிந்த வலிதான். அவரைத் தூக்கி வளர்த்த மின்னி என்ற ஆயா, அவருக்கு நான்கு வயது ஆவதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஆய்வு 1944இல் வெளியானது. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை உலகமெங்கும் போனது. கூடவே அப்பத்தாவின் வாக்கியமும் போனது என்றுதான் சொல்வேன். வேலைக்குப் போகிற அம்மாக்களைக் கைகாட்ட இப்போது ஒரு டாக்டரே கிடைத்துவிட்டார் இல்லையா! ஆய்விலும் ஓட்டை உண்டு. பிள்ளையின் சுபாவத்தைக் கணித்தவரும் அவர்தான், பிரிவைப் பதிந்தவரும் அவர்தான். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே தேடினால் கண்ணில் படத்தானே செய்யும்?

1972இல் மைக்கேல் ரட்டர் இதையெல்லாம் மறுபடி பிரித்துப் பார்த்தார். தாய் செத்துப்போன பிள்ளைகளைவிட, பெற்றோர் சண்டையால் உடைந்த வீட்டுப் பிள்ளைகளிடம்தான் திருட்டும் அடாவடியும் அதிகம். பிரிவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பிரிவுக்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் ஓயாமல் நடந்த சண்டையைப் பார்க்க வேண்டும் என்றார். ஆனாலும் பௌல்பியால் ஒரு நல்லது நடந்தது. அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுப் பெண்குழந்தையை 1952இல் படமாக எடுத்தார். 1959இல் பிரிட்டனின் பிளாட் குழு, பெற்றோரைத் தடையில்லாமல் உள்ளே விடச் சொன்னது.

நான் காசு எடுத்த வருஷம் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதை வைத்துத் தினமும் சண்டை. பிடிபட்ட அன்று ராத்திரியும் சண்டை நடந்தது. நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தேன்.