வெள்ளிக் குழலும் வலைக் குழலும்

உணவுக்குழாய்க்கு அரபியில் ‘மரீஉ’ என்று பெயர். இனிதாக இறங்கி உடலுக்கு நலம் தரும் உணவையும் அதே வேர்ச்சொல்லால் அரபியர் குறிப்பர். புற்றுநோய்க்கு ‘ஸரதான்’ என்பர். நண்டு என்பது அதன் பொருள். இனிதாக உணவு இறங்க வேண்டிய வழியில் நண்டு குடியேறினால் மனிதன் படும் பாடு பெரிது. அப்பாட்டைக் கண்ட மருத்துவ முன்னோர் என்ன செய்தனர் என்பதை அறிவது, சேலம், நாமக்கல் சமவெளியில் இந்நோயின் பெயரைத் திடீரெனக் கேட்க நேரும் குடும்பத்தாருக்கும் பயன் தரும் என நம்புகிறோம்.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு இஷ்பீலிய்யா நகரில் வாழ்ந்த மருத்துவ மேதை அபூ மர்வான் இப்னு ஸுஹ்ர். மேலை நாட்டார் அவரை அவென்ஸோர் என அழைத்தனர். தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து அவருடைய நண்பர். ‘அத்தைஸீர்’ என்னும் தம் நூலில் அவர் இந்நோயின் போக்கை வரைந்து காட்டினார். இலேசான வலியாகத் தொடங்கும். பின்னர் விழுங்குவது கடினமாகும். நாளடைவில் வழி முற்றிலும் அடைபடும். அந்நிலையில் வெள்ளியாலோ வெள்ளீயத்தாலோ ஆன குழலைத் தொண்டை வழியே செலுத்திப் பால் புகட்டலாம் என்றார். நோயாளியைப் பாலில் அமர்த்துவது, ஆசனவாய் வழியே உணவு செலுத்துவது ஆகிய இரண்டையும் கூறினார். பாலில் அமர்த்துவதால் உடலுக்கு உணவு சேராது என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும் வேரறுக்க இயலாத நோயிலும் நோயாளியைக் கைவிடலாகாது என்ற கொள்கை அம்மூன்று வழிகளிலும் விளங்குகிறது.

பிற்கால மருத்துவம் அதே வழியில் நடந்தது. 1849இல் பிரெஞ்சு மருத்துவர் செடியோ, வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்கு நேரே உணவு செலுத்த முயன்றார். 1868இல் ஜெர்மனியில் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணையோடு உணவுக்குழாயினுள் நேர்க்குழலை இறக்கிப் பார்த்தார். இன்றைய எண்டோஸ்கோப்பியின் முன்னோடி அதுவே. 1913இல் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக், நோயுற்ற குழாய்ப் பகுதியை மார்பிலிருந்து வெட்டியெடுத்தார். அந்தப் பெண்மணி பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்; உடலுக்கு வெளியே பொருத்திய ரப்பர்க் குழாய் வழியே உண்டார். 1979இல் அமெரிக்காவில், பெரிய அறுவையின்றி எண்டோஸ்கோப்பியின் உதவியால் வயிற்றில் உணவுக்குழல் பொருத்தும் முறையும் வந்தது.

நம் தமிழ்நாட்டில் 1934இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தோன்றியது. ஒரு குடும்பத்தின் துயரம் ஒரு நாட்டுக்கே மருந்தகமாக மலர்ந்த வரலாறு அது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இலும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இலும் தொடங்கப்பெற்றன.

இனி, ‘முற்றிய நிலை’ என்று மருத்துவர் கூறுவதன் பொருளை நோக்குவோம். உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது. விரிந்து கொடுக்கும் தன்மையது. ஆதலால் அதன் உட்புறம் வெகுவாகக் குறுகிய பின்னரே சோறு தடைபடும். அதற்குள் நோய் கல்லீரல், நுரையீரல், எலும்பு போன்ற தொலைவுறுப்புகளுக்குப் பரவியிருந்தால் அதனை நான்காம் நிலை என்பர். அந்நிலையில் அறுவையால் முழுதும் களைய இயலாது. நோயாளியோ அவர்தம் வீட்டாரோ செய்த பிழை இதற்குக் காரணம் என்று ஒருவரையொருவர் நொந்துகொள்வதில் நியாயமில்லை. ஓசையின்றி வளர்வது இந்நோயின் இயல்பு.

முழுதும் களைய இயலாது என்பதால் மருத்துவமே இல்லை என்று ஆகிவிடாது. மருத்துவத்தின் நோக்கம் மாறுகிறது, அவ்வளவே. வழி திறக்க உலோக வலைக் குழலான ஸ்டென்ட் வைப்பர். கதிர்வீச்சால் கட்டியைச் சுருக்குவர். உடல் தாங்குமாயின் கீமோதெரப்பியோ, சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தோ தருவர். வலிக்கு மார்பின் மாத்திரை உண்டு. மருத்துவர் அளவறிந்து தரும் அம்மாத்திரையைப் போதைப்பொருள் என அஞ்சி மறுப்பது நோயாளிக்கு இழைக்கும் கொடுமை. “இந்தச் சிகிச்சை எதற்காக? ஆயுளை நீட்டவா, விழுங்க உதவவா, வலி தணிக்கவா?” என்று மருத்துவரிடம் கேட்பது குடும்பத்தாரின் உரிமை. 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எவையெவை அடங்கும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வந்து நோவு தணிக்கும் பணியும் அடங்கும்.

இரு செய்திகளில் நம் குடும்பங்கள் தடுமாறுவதைக் காண்கிறோம். முதலாவது உணவு. “அத்தா, இன்னும் ஒரு வாய்” என்று கண்ணீரோடு கெஞ்சுவது பாசத்தின் குரலே. ஆயினும் அடைபட்ட குழாயில் திணித்த உணவு மூச்சுக்குழாயில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும். நோயாளிகளை உண்ணுமாறு வற்புறுத்த வேண்டா என்னும் கருத்தில் நபிமொழி ஒன்று திர்மிதி, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. விழுங்க முடிந்த அளவு நீராகாரத்தை, நிமிர்ந்து அமரச் செய்து, சிறுகச் சிறுகத் தருவதே நன்று. தண்ணீர் குடித்தவுடன் இருமல் எழுந்தால் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உண்மை. நோயாளி மனம் உடைவாரென அஞ்சி நோயின் பெயரையே மறைப்பது பலருடைய வழக்கம். ஆனால் அவர் தீர்க்க வேண்டிய கடன் இருக்கலாம். எழுத வேண்டிய வஸிய்யத் இருக்கலாம். மன்னிப்புக் கேட்க வேண்டிய உறவு இருக்கலாம். உண்மையை முற்றிலும் மறைத்தால் அவருடைய இறுதிக் கடமைகளை நாமே பறித்தவர்களாவோம். அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே மென்மையாகக் கேட்டு, அந்த அளவு சொல்லலாம்.

புகையிலையும் மதுவும் இந்நோயின் பெருங்காரணங்கள். பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்வதும் அவ்வாறே. நாட்பட்ட நெஞ்செரிச்சலாலும் ஒரு வகை தோன்றும். சோறு இரண்டு வாரம் தொடர்ந்து தடைபட்டால், எலுமிச்சையும் கஷாயமும் தேடி நாட்களைப் போக்காமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளச் செல்க. நோய் முற்றியவர் வீட்டில் இருப்பின், அவர் வலியின்றி உறங்கவும், இயன்றவரை ஒரு மிடறு இனிதாக இறங்கவும் வழிசெய்க. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளிக் குழலைக் கையிலேந்திய இப்னு ஸுஹ்ர் நாடியதும் அதுவே.