சிங்கப்பூர் - இலண்டன் வான்வழி: தொலைவும் காலமும்

சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் இடையிலான நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர் ஆகும். இத்தொலைவு மாறாதது. ஆயினும், அதனைக் கடக்கும் காலம் ஒரு நூற்றாண்டுக்குள் பலமுறை மாறியுள்ளது. இம்மாற்றத்தைப் பொறியியல் வளர்ச்சியின் விளைவாக மட்டுமே கருதுவது பொதுவழக்கு. விமானம் கடந்துசெல்லும் நாடுகளின் இசைவும் அக்காலத்தை வரையறுத்து வந்துள்ளது என்பதை இங்கு நாம் எடுத்துக்காட்ட முனைகிறோம்.

1934ஆம் ஆண்டு டிசம்பரில் இம்பீரியல் ஏர்வேஸ், குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸ் ஆகிய இரு நிறுவனங்களின் அஞ்சல் சேவைகள் இணைந்தன. மறு ஆண்டு பயணிகளும் ஏற்றப்பட்டனர். பிரிஸ்பேனிலிருந்து சிங்கப்பூர் வழியாக இலண்டனை அடையப் பன்னிரண்டரை நாள்கள் தேவைப்பட்டன. இரவில் பயணிகள் தரையிறங்கி விடுதிகளில் தங்கினர். ஐரோப்பாவில் ஒரு பகுதியை இரயிலில் கடந்தனர். கல்கத்தா, கராச்சி முதலிய இடைநிலையங்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் வழி தடையின்றி அமைந்தது. பேரரசின் எல்லைகள் அன்றைய வான்வழியைப் பெரிதும் வரையறுத்தன.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அத்துடன் இவ்வழியும் அறுபட்டது. அதனை ஈடுசெய்ய, 1943 முதல் 1945 வரை கேட்டலினா நீர்விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் கொக்கலைக்கு நேரே பறந்தன. சுமார் 5,600 கிலோமீட்டர் கடலைக் கடக்க ஏறத்தாழ 30 மணி நேரம் ஆயிற்று. ஒரே பயணத்தில் இருமுறை சூரிய உதயத்தைக் காண நேர்ந்தமையால் அவை 'இரட்டை உதய'ப் பயணங்கள் எனப்பட்டன.

போருக்குப் பின் பேரரசு கலைந்தது; புதிய நாடுகள் தத்தம் வான்வெளிக்கு உரிமை கொண்டன. இதன் விளைவைக் கான்கார்டு விமானத்தின் வரலாற்றில் நாம் தெளிவாகக் காணலாம். 1977ஆம் ஆண்டு டிசம்பரில் பஹ்ரைன் வழியாகத் தொடங்கிய இலண்டன் - சிங்கப்பூர் கான்கார்டு சேவை, பயண நேரத்தைச் சுமார் 9 மணியாகக் குறைத்தது. ஒலியை விஞ்சும் வேகத்தால் எழும் பேரோசையைக் காரணம் காட்டி மலேசியா தன் வான்வெளியில் பறக்க இசையவில்லை. மூன்று இருவழிப் பயணங்களுடன் சேவை நின்றது. 1979இல் மாற்றுவழியில் மீண்டும் தொடங்கப்பெற்றும், 1980ஆம் ஆண்டு நவம்பரில் அது முற்றிலும் நிறுத்தப்பட்டது. விமானத்தின் வேகம் குன்றவில்லை. இசைவும் வருவாயுமே போதாமற்போயின.

இன்று இடைநில்லா விமானம் இத்தொலைவை 13 முதல் 14 மணி நேரத்தில் கடக்கிறது. மேற்கிலிருந்து வீசும் மேல்வளிக் காற்றின் காரணமாக இலண்டனுக்குச் செல்லும் பயணம் திரும்பும் பயணத்தைவிட நீள்வது வழக்கம். காற்றைக் கணிக்கலாம், மனிதரின் பகையைக் கணிப்பது அரிது. 2014ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் நோக்கிவந்த எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரைனின் போர்க்களத்திற்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டதை நம் வட்டாரம் மறவாது.

ஆகவே, நிலப்படத்தில் இரு நகரங்களை இணைக்கும் நேர்கோடு நிலவியல் உண்மை மட்டுமே. விமானம் செல்லும் கோட்டையோ, கீழே வாழும் மக்களின் அரசியலே வரைகிறது. போர் நிகழும் நிலத்தைச் சுற்றிச் செல்வதால் கூடும் ஒரு மணி நேரத்தை நாம் காலவிரயம் எனக் கருதுதல் பொருந்தாது. அது உயிர்களுக்கான காப்பு ஆகும்.