கண்புரையின் முதிர்ச்சியும் அளவுகோலின் வரலாறும்

விஞ்ஞான வரலாற்றை மேதைகளது கண்டுபிடிப்புக்களின் நிரலாகக் கொள்ளும் நோக்கு இன்னும் செல்வாக்கிழந்துவிடவில்லை. ஒரு கருவி குறிப்பிட்ட காலகட்டத்தில் ஏன் தேவைப்பட்டது, அதனால் அளக்கப்பட்டோர் யாவர், எதன்பொருட்டு அளக்கப்பட்டனர் ஆகிய வினாக்கள் அந்நோக்கினுள் எழுவதில்லை. கண்புரை காலப்போக்கில் முற்றுவதை அளக்கும் முறைகளின் வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகுவதே எமது நோக்கமாகும்.

மங்கிய வில்லையை ஊசியாற் பார்வைப் பாதையினின்று தள்ளும் முறையைச் சுசுருதரின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் கூறுகின்றது. ஐரோப்பிய மருத்துவமோ, தலையினின்று வழிந்து கண்ணில் உறையும் நீரே புரையென நெடுங்காலம் நம்பிற்று. 1705இல் பிரிசோ என்னும் பிரெஞ்சு வைத்தியர், இறந்த படைவீரர் ஒருவரின் கண்ணை அறுத்து, மங்கியது வில்லையே எனக் காட்டினார். 1747இல் டாவியேல் அவ்வில்லையை வெளியே எடுக்கும் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். ஆயினும் நோயின் வளர்ச்சியைச் சுட்ட முற்றியது, முற்றாதது என்னும் இரு சொற்களே பெரிதும் வழங்கின. இவை வேளாண்மையிலிருந்து பெற்ற சொற்கள். முற்றாத வில்லையின் மென்பகுதி சத்திரசிகிச்சையின்போது கண்ணுள்ளே தங்கித் தீங்கு விளைக்கும். எனவே அது முற்றும்வரை நோயாளி குருட்டுத்தன்மையோடு காத்திருக்க நேர்ந்தது. ஆகவே 'முற்றல்' என்பது நோயாளியின் இழப்பை அளந்த சொல்லன்று. அன்றைய சத்திரசிகிச்சைக் கருவியின் எல்லையை அளந்த சொல்லாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவீட்டின் நூற்றாண்டாகும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை அறிமுகஞ் செய்தார். 1862இல் ஸ்னெலன் எழுத்து அட்டவணையை வெளியிட்டார். 1911இல் குல்ஸ்ட்ராண்ட் பிளவு விளக்கை வழங்கியதோடு, ஒளிக்கீற்றினால் உயிருள்ள கண்ணின் வில்லையை அடுக்கடுக்காகக் காண முடிந்தது. அட்டவணை மனிதரின் பார்வையை அளக்கின்றது. விளக்கு வில்லையின் மாற்றத்தைக் காட்டுகின்றது. இவையிரண்டும் எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை. வில்லையின் கரு இறுகும்போது அதன் ஒளிமுறிவு வலிமை கூடுவதால், முதியோர் சிலர் மூக்குக்கண்ணாடியின்றியே மீண்டும் வாசிக்கத் தொடங்குவர். மறுபுறம், வில்லையின் பின்புறத்தில் எழும் சிறு மங்கலே வெயிலிற் பார்வையைப் பெரிதும் கெடுக்கவல்லது.

கண்ணாடி உலைத் தொழிலாளரின் கண்புரை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. உலையின் வெப்பக் கதிர்களை ஆண்டுக்கணக்கில் நோக்கியோரின் வில்லை பின்புறத்தில் மங்கியது. பிரித்தானியாவின் 1906ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் ஆறு தொழில்நோய்களுடனேயே தொடங்கிற்று. இந்நோய் பின்னரே அதில் இடம்பெற்றது. மங்கல் முதுமையின் விளைவா, உலையின் விளைவா என்னும் வினாவுக்கு வில்லையில் அது தோன்றிய இடம் சான்றாயிற்று. அந்தச் சான்றைச் சார்ந்திருந்தது தொழிலாளியின் நட்டஈடு. 1914இல் குரூக்ஸ் வெப்பக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடிகள் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார்.

1949இல் இலண்டனில் ரிட்லி செயற்கை வில்லையைப் பொருத்தியதும், 1967இல் கெல்மன் ஒலியதிர்வினால் வில்லையைக் கரைத்தெடுக்கும் முறையைக் கையாண்டதும் நிலைமையை மாற்றின. முற்றும்வரை காத்திருக்கும் தேவை படிப்படியாக ஒழிந்தது. நோயின் தொடக்கநிலைகளை வேறுபடுத்தும் தேவை எழுந்தது. 1988இல் அமெரிக்காவில் சைலக் குழுவினர் வகுத்த வில்லை மங்கல் வகைப்பாட்டு முறை, 1993இல் மூன்றாம் வடிவத்தை அடைந்தது. தரநிலைப் புகைப்படங்களோடு நோயாளியின் வில்லையை ஒப்பிட்டு, கருவின் நிறம், கருவின் மங்கல், புறணி மங்கல், பின்புற மங்கல் என்பவற்றுக்குத் தனித்தனியே தசம எண் வழங்குவது அதன் நெறி. முழு எண்களுக்கிடையே மறைந்துபோகும் சிறு மாற்றத்தைத் தசமமே வெளிக்கொணர்கின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் புள்ளி எதுவென்பதை மட்டும் அந்த எண் கூறுவதில்லை. அப்புள்ளியைச் சமூகமே தீர்மானிக்கின்றது.

மருந்தினாற் புரையின் வளர்ச்சி தடைப்படுமா என்பதை ஆராயவும் இத்தகைய அளவீடுகள் பயன்பட்டன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் அமெரிக்க ஆய்வாளரோடு இணைந்து, தென்னிந்தியக் கிராமத்தவரிடையே ஐந்தாண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. விற்றமின் மாத்திரைகள் புரையின் வளர்ச்சியைத் தணிக்கவில்லை. 2001இல் வெளியான அமெரிக்கப் பேராய்வொன்றின் முடிவும் இவ்வாறானதே. நுண்ணிய அளவுகோல் இங்கு வணிக நம்பிக்கையொன்றைத் தகர்த்தது. சத்திரசிகிச்சையின் இன்றியமையாமையை மீள உறுதிசெய்தது.

இவ்வளவீட்டினுள்ளே ஒரு முரண்பாடும் உண்டு. புரை விரைந்து முற்றுவோர் சத்திரசிகிச்சை பெற்று ஆய்விலிருந்து நீங்கிவிடுகின்றனர். எனவே நோயின் இயல்பான போக்கை இறுதிவரை அளக்க வேண்டுமாயின், சிகிச்சை கிட்டாத மக்கள் வேண்டும். அத்தகையோர் எந்நாட்டில், எவ்வர்க்கத்தில் மிகுதியாக உள்ளனர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

வசதி படைத்தோர் இரவில் வாகனம் ஓட்டுவது கடினமானவுடனேயே சத்திரசிகிச்சை பெறுகின்றனர். வறியோரிற் பலர், மூன்று மீற்றர்த் தொலைவில் விரல்களை எண்ண இயலாத நிலையிலேயே சிகிச்சையை அடைகின்றனர். பெண்கள் ஆண்களிலும் பிந்தியே அடைகின்றனர். 'முற்றும்வரை பொறு' என்னும் பழைய விதியை மருத்துவம் கைவிட்டுவிட்டது. வறுமை அதனைக் கைவிடவில்லை. புரை எவ்வளவு வளர்ந்துள்ளது என்று கேட்கும்போதே, அவ்வளவு வளரும்வரை அம்மனிதர் ஏன் காத்திருந்தார் என்று கேட்பதும் விஞ்ஞானத்தின் கடமையாகும்.