பைலோனிடல் சைனஸ் சத்திரசிகிச்சையும் திசுப் பரிசோதனையும்

பைலோனிடல் சைனஸ் என்பது வால் எலும்புக்கு மேலே, பிட்டப் பிளவில், உதிர்ந்த முடி தோலுக்குள் புகுந்து சீழ்ப்புரை ஆகிற நோய். வெட்டியெடுத்த சதையில் புற்றுநோய் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது பல இடங்களில் வழக்கம். எல்லோருக்கும் அது வேண்டுமா என்பது இன்னும் தீராத விவாதம்.

முடி அடைந்த இப்புரையை 1833இல் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் மேயோ விவரித்தார். இன்றைய பெயர் 1880இல் அமெரிக்கர் ஹொட்ஜஸ் இட்டது. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 80,000 அமெரிக்கப் படையினர் இதற்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஜீப்பில் குலுங்கிப் பயணம் செய்தவர்கள் பலர் என்பதால் 'ஜீப் நோய்' என்றார்கள். பிறவிக் குறை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டதை 1946இல் பேட்டி, ஸ்கார்ஃப் என்ற இரு மருத்துவர்கள் மறுத்தனர். முடிதிருத்துவோரின் விரலிடுக்கிலும் இதே புரை வருவது அவர்கள் பக்கம் வலுச் சேர்த்தது.

ஆறாத புண்ணில் புற்று எழுவது 1828இலேயே மார்ஜொலின் எழுதிய புண்களோடு சேர்த்துப் பேசப்படும் விடயம். பைலோனிடல் புரையில் அப்படி நேர்ந்ததை முதலில் பதிவு செய்தவர் வுல்ஃப், 1900இல். பெரும்பாலும் அது செதிள்கலப் புற்றுநோய். ஆயிரம் நோயாளரில் ஏறக்குறைய ஒருவருக்கே வரும். அவரும் பெரும்பாலும் ஐம்பது கடந்த, பல ஆண்டுகள் சீழ் வடியவிட்ட ஆண். ஆகவே இருபது வயது இளைஞரின் சதையையெல்லாம் அனுப்புவது வீண் வேலை, புற்று இருந்தால் விளிம்பு தடித்து இரத்தம் கசியும் புண்ணாகக் கண்ணுக்கே தெரியும் என்கிறார்கள் ஒரு சாரார். தொடக்கநிலை மாற்றம் கண்ணுக்குத் தப்பும் என்பது மறுசாராரின் பதில்.

இலங்கை மலையகத்தின் லிந்துலை போன்ற தோட்டப் பகுதியில் இரண்டாவது வாதமே சரி. மலையகத் தோட்டங்களின் மருத்துவத் தேவைக்கான சட்டம் 1872இலேயே வந்தது. ஆனாலும் தோட்ட மருத்துவம் நீண்ட காலம் டிஸ்பென்சரின் கைமருந்தோடு நின்றது. புண் இருக்கும் இடம் பற்றிய கூச்சம், ஒருநாள் பேர் (நாட்சம்பளம்) போய்விடுமே என்ற கவலை இரண்டும் சேர்ந்தால், கட்டி உடைவதும் மூடுவதுமாக ஆண்டுகள் ஓடிவிடும். புற்றுக்கு வழிவிடுவது இந்தத் தாமதமே.

லிந்துலை வைத்தியசாலையில் பரிந்துரைத் துண்டு வாங்கி நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகிறவருக்குச் சத்திரசிகிச்சை இலவசம். எடுத்த சதையை ஃபோர்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். புற்று உறுதியானால் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கண்டியோ மகரகமையோ போக வேண்டிவரலாம். எவ்வளவு முந்தித் தெரிகிறதோ அவ்வளவு சிறிய வெட்டோடு முடியும்.

பரிசோதனை செய்தும் முடிவை வாங்காமல் விட்டால் செய்யாததற்குச் சமம். வார்டை விட்டுக் கிளம்பும் முன் சதைத்துண்டு அனுப்பப்பட்டதா, முடிவு எந்தக் கிளினிக்கில் எப்போது கிடைக்கும் என்று கேட்டு, டயக்னோசிஸ் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.