மனை யாருக்கு உரியது?

1215ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, தேம்ஸ் நதிக்கரையில் ரணிமீட் என்னும் புற்றரையில், ஜோன் மன்னன் தன் பிரபுக்களுக்குப் பணிந்து ஒரு பட்டயத்துக்கு முத்திரை இட்டான். பிற்காலத்தார் மகாசாசனம் எனப் போற்றும் அப்பட்டயத்திலே கைம்பெண்களைப் பற்றியும் ஒரு விதி உண்டு. கணவனை இழந்தவள் அவன் வீட்டில் 40 நாள் தங்கியிருக்கலாம். அதற்குள் அவளுக்குரிய பங்கை ஒதுக்கிக் கொடுத்தல் வேண்டும். வீடு கணவனுடையது, நிலம் மூத்த மகனுக்கு உரியது. இங்கிலாந்துப் பிரபு குலத்தின் வழக்கம் அது.

அதே ஆண்டிலேதான் கலிங்க மாகன் ஈழத்திலே பொலனறுவையைக் கைப்பற்றினான் என்பர். அங்கே மன்னன் அதிகாரம் எழுத்தினாற் கட்டுப்பட்டது. இங்கே பழைய தலைநகரின் அதிகாரமே சிதறியது. சிதறிய அதிகாரம் கிழக்குக் கரையிலே வன்னிமைகளின் கையிற் சேர்ந்தது. முக்குவர் குடிகளை வகுத்துத் தாய்வழி முறையை விதித்தவன் மாகனே என மட்டக்களப்பு மான்மியம் கூறும். ஒரு மன்னன் வாய்மொழியால் உறவுமுறை பிறந்துவிடுமோ? அவன் படையிலே கேரளரும் இருந்தனர்; மலையாளக் கரையின் மருமக்கள் வழக்கம் மக்களோடு கடல் கடந்து வந்தது எனக் கொள்ளுதலே பொருந்தும்.

அவ்வழக்கத்தின்படி முதுசக் காணி இறந்தவனின் பிள்ளைகளுக்கன்றி, அவன் சகோதரியின் மக்களுக்கே சென்றது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்பட்டது. மணமகன் அங்கே குடிபுகுந்தான். கணவன் வீட்டிலே நாட்களை எண்ணும் நிலை இங்குள்ள கைம்பெண்ணுக்கு இல்லை. ஆயினும் இதனைப் பெண்ணாட்சி என மயங்கலாகாது. வன்னிமைப் பதவியும் ஆலய வண்ணக்கர் பொறுப்பும் ஆடவர் கையிலேயே இருந்தன. வயலிலே உழைத்த தாழ்த்தப்பட்ட சாதியாருக்கு அவ்வதிகாரத்திலே பங்கில்லை.

1626ஆம் ஆண்டளவில், போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் பலரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். முன்னரே இருந்தோரும் பின் வந்தோருமாகிய முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறை வேரூன்றியது. பள்ளிவாசல் மரைக்காயர்மார் குடிதோறும் தெரிவு செய்யப்பட்டனர். மகனுக்கு மகளினும் இருமடங்கு பங்கு என்பது இஸ்லாமியச் சட்டம். அதனோடு முரண்படாமல், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டனர். அவர்கள் இறந்தபின் பங்கிடுவதற்கு அவ்வீடு எஞ்சியிருக்கவில்லை. நுட்பமான ஏற்பாடுதான்!

ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. அதே ஆண்டிலேதான் பிறிற்றோ என்பவர் அச்சட்டத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். சட்டம் போயிற்று; சீதன வீடு போகவில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் திருக்கோவில், வினாயகபுரம் வரையுள்ள கரையோரத்திலும், தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு மனை தேடுவதையே பெற்றோரின் முதற் கடனாகக் கொண்டனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிலே மனைகளை வாரிச் சென்றது. மாற்று வீடுகளுக்கான படிவங்கள் குடும்பத் தலைவர் யார் எனக் கேட்டன. பல இடங்களிலே ஆடவன் பெயரே எழுதப்பட்டது. தாய் மகளுக்குக் கொடுத்த மனைக்கு ஈடாக வந்த வீட்டுக்கு மருமகன் உரிமையாளன் ஆனான்.