வணிகச் சதுக்கம்: எந்த வணிகம்?

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில், தேஜோ ஆற்றங்கரையில் ஒரு பெரிய சதுக்கம் இருக்கிறது. மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நான்காவது பக்கம் ஆறு. கரையில் இரண்டு தூண்களுக்கு நடுவே படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. அரசு ஆவணங்களில் இதன் பெயர் 'வணிகச் சதுக்கம்'. ஊர்க்காரர்கள் இன்னமும் 'அரண்மனை முற்றம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த அரண்மனையோ 1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் அழிந்துபோனது.

பெயரில் உள்ள வணிகம் எது என்று கேட்காமல் இந்த இடத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது, தோழர்களே.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசர் மானுவேல் மலைக்கோட்டையை விட்டு ஆற்றங்கரைக்கே அரண்மனையைக் கொண்டுவந்தார். காரணம், கப்பல்கள். கீழை நாடுகளின் மிளகுக்கும் பட்டைக்கும் கணக்குப் பார்த்த 'இந்திய இல்லம்' அரண்மனையோடு ஒட்டியிருந்தது. மனிதர்களுக்குக் கணக்குப் பார்க்கத் தனி அலுவலகம் அதற்கு முன்பே, 1486-இல், லிஸ்பனில் வந்துவிட்டது. அதன் பெயரே 'அடிமைகள் இல்லம்'. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை எண்ணி, விலை போட்டு, வரி பிடித்த அலுவலகம் அது. 1551-ஆம் ஆண்டுக் கணக்கொன்று, நகரில் 9,950 அடிமைகள் இருந்ததாகச் சொல்கிறது. ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர்.

அவர்கள் இறந்தால்? உடல்களைக் கண்ட இடத்தில் வீசினார்கள். நாற்றமும் நோயும் பரவுமென்று பயந்து, 1515-இல் அரசர் ஒரு குழி வெட்டச் சொன்னார். அவ்வப்போது சுண்ணாம்பு போடவும் உத்தரவிட்டார். 'கறுப்பர் குழித் தெரு' என்ற பெயர் லிஸ்பனில் இன்றும் இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு அந்த மக்களின் நினைவாக நகரம் வைத்திருந்தது அநேகமாக அந்தப் பெயர்ப்பலகை ஒன்றைத்தான்.

அந்தக் கணக்கெடுப்பு நடந்து மூன்றே ஆண்டுகளில், 1554-இல், இதே லிஸ்பனில் தமிழ் அச்சேறியது. ரோமன் எழுத்தில், போர்ச்சுகீசியத்தோடு சேர்த்து அச்சிட்ட ஒரு ஞானோபதேச நூல். அதற்கு உழைத்த தமிழர்கள் மூவர். வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வல்யோ, தோமா குரூஸ் என்ற ஞானஸ்நானப் பெயர்களில் மட்டுமே அவர்களை நமக்குத் தெரியும். 'முதல் தமிழ் அச்சு' என்று பெருமையோடு சொல்கிறோம், சரிதான். அந்த நகரத்தின் பத்தில் ஒருவரையும் சேர்த்துச் சொல்வோம்.

இன்னொரு சொல்லும் அங்கிருந்து கப்பலேறியது: 'கஸ்தா'. இனம், வம்சம் என்று பொருள். விலங்குகளுக்கும் வழங்கிய சொல். இந்தியாவில் கண்ட பிறப்புவழிப் பிரிவினைக்குப் போர்ச்சுகீசியர் அதையே வைத்தார்கள். ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்ததுதான். சாதியே போர்ச்சுகீசியர் உண்டாக்கியது என்று சொல்லித் தப்பிக்க நினைப்பவர்களுக்கு: அவர்கள் தந்தது பெயரை மட்டும்.

நிலநடுக்கத்துக்குப் பின் நகரைக் கட்டியெழுப்பியவர் அமைச்சர் பொம்பால். வணிகர்கள் இறக்குமதிச் சரக்குக்கு 4 சதவீதம் கூடுதல் வரி தர முன்வந்தார்கள். சதுக்கத்துக்கு அவர்கள் பெயர் கிடைத்தது. 1775-இல் நடுவில் அரசர் ஜோசேயின் குதிரைச் சிலை ஏறியது. பீடத்தில் ஒரு யானையும் உண்டு.

அடிமைமுறையை ஒழித்தவர் என்று பொம்பாலைப் புகழ்வது வழக்கம். 1761 சட்டம், வெளியிலிருந்து போர்ச்சுகல் மண்ணில் புதிதாக இறக்கப்படும் அடிமைகளுக்குத்தான் விடுதலை தந்தது. பிரேசிலுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆப்பிரிக்கர்களை அங்கே ஏற்றிச் சென்ற வணிகக் கம்பெனி ஒன்றை 1755-இல் நிறுவியவரும் அவரே. சதுக்கத்தின் வளைவில் வாஸ்கோ ட காமாவுக்குப் பக்கத்தில் இன்று அவரும் நிற்கிறார். மேலே லத்தீன் வாசகம்: முன்னோரின் மாண்பு அனைவருக்கும் பாடமாகட்டும் என்ற பொருளில்.

1974 ஏப்ரல் 25 காலை இதே சதுக்கத்தை கேப்டன் சல்கெய்ரோ மாயாவின் படை பிடித்தது. எதிரே வந்த அரசுப் படைக்குச் சுடச் சொல்லி உத்தரவு, சிப்பாய்கள் சுடவில்லை. அரை நூற்றாண்டுச் சர்வாதிகாரம் அன்று விழுந்தது. துப்பாக்கியில் செருகிய கார்னேஷன் பூக்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ராணுவத்தைப் பதின்மூன்று ஆண்டுகள் களைக்க வைத்தவர்கள் அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு விடுதலைப் போராளிகள். பூவை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர்கள் தெரிவதில்லை.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் 'ஜாஸ்' அமைப்பு, அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு ஒரு நினைவிடம் கேட்டது. நகர மக்கள் தாங்களே வாக்களித்துத் திட்டம் தேர்ந்தெடுக்கும் பட்ஜெட்டில் அது வென்றது. சதுக்கத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இடம் பார்த்தார்கள். அங்கோலாக் கலைஞர் கிலுவாஞ்சி கியா ஹெண்டாவின் வடிவம் தேர்வானது: கறுப்பு அலுமினியத்தில் ஒரு கரும்புத் தோட்டம். வாக்கு விழுந்து பல ஆண்டுகள் கடந்த பின்னும் கரும்பு நடப்படாமல் இழுத்துக்கொண்டே போனது.