பிரேத பரிசோதனை ஒரு முறைதான்: 116ஆம் பிரிவுக்கு ஓர் உரை

பலெர்மோவில் குடியேறிய இலங்கைத் தமிழர் வீட்டில் தீப்பிடித்து ஓர் உயிர் போனால், உறவினர் திடீர் மரண விசாரணை அதிகாரியைத் தேடுவார்கள். இத்தாலியில் அப்படியொருவர் இல்லை. அங்கே விசாரிப்பது அரச வழக்குத்தொடுநர் அலுவலகமான 'புரோகுரா'. அதற்கான விதி 1989ஆம் ஆண்டின் 271ஆம் இலக்கச் சட்ட ஆணையில், 116ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் சாரத்தைத் தொடர் தொடராகப் பார்ப்போம்.

'ஒருவரின் சாவில் குற்றச் சந்தேகம் எழுந்தால்'

சந்தேகம் போதும், சான்று பிறகு. குற்றம் என்பது கொலை மட்டுமன்று. பழுதான வயரைக் கவனியாமல் விட்டு அதனால் உயிர் போயிருந்தால், அந்தக் கவனக்குறைவும் குற்றமாகலாம்.

'சாவின் காரணத்தை வழக்குத்தொடுநர் உறுதிசெய்கிறார்'

தீப்பிடித்த காரணம் வேறு, உயிர் போன காரணம் வேறு. முன்னதைத் தீயணைப்புப் படையினர் எரிந்த தடங்களில் தேடுகிறார்கள். பின்னதைச் சட்ட மருத்துவர் உடலில் தேடுகிறார். மூச்சுக்குழாயின் உள்ளே கரி படிந்து, இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடும் ஏறியிருந்தால், தீயின்போது அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் இல்லையென்றால், முன்பே இறந்தாரா என்று கேட்க வேண்டும். மடங்கிய கைகளும் மண்டையோட்டு வெடிப்பும் வெப்பத்தாலேயே வரக்கூடும். பார்த்த மாத்திரத்தில் அடித்த தடயம் என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பொறுப்பின் கனம் பலெர்மோவுக்குத் தெரியும். கைரேகை அறிக்கையை மாற்ற மறுத்த சட்ட மருத்துவப் பேராசிரியர் பாவோலோ ஜாக்கோனேயை 1982 ஆகஸ்ட் 11 அன்று மாஃபியா சுட்டுக் கொன்றது. அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

'தேவையெனக் கண்டால், 360ஆம் பிரிவின்படி பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடுகிறார்'

இந்த விதியின் உயிர்நிலை இதுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 360ஆம் பிரிவு, திரும்பச் செய்ய முடியாத பரிசோதனைகளைப் பற்றியது. அதனால் நாள், நேரம், இடம் மூன்றையும் இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் தம் சார்பில் ஒரு நிபுணரை அமர்த்தலாம். இழவு வீட்டில் அந்தக் கடிதத்தை யாரும் மடித்து வைத்துவிடாதீர்கள். அன்றே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

'அவர் உத்தரவின்றி அடக்கம் இல்லை'

சந்தேகச் சாவில் தகனத்துக்கும் நீதித்துறையின் அனுமதி வேண்டும். பிரேதத்தைக் காக்க வைக்கிறோமே என்று குடும்பம் துடிக்கும்; அந்தத் துடிப்பு நியாயமானது. ஆனால் புதைத்த உடலைத் தோண்டி எடுத்துப் பார்க்கலாம். எரித்த உடலிடம் பிறகு எதையும் கேட்க முடியாது.